வயிற்றுப்போக்கு வைரஸ்களின் வகை எண்கள்: காட்டுவதும் மறைப்பதும்

பேதியாகும் குழந்தையின் மலமாதிரியிலிருந்து ரோட்டாவைரஸின் மரபுப்பொருளைப் பிரித்தெடுத்து, பாலிஅக்ரிலமைடு கூழ்மத் தகட்டில் இட்டு மின்சாரம் பாய்ச்சி, பிறகு வெள்ளி உப்பால் சாயமேற்றினால், மங்கிய பின்னணியில் பழுப்பு நிறத்தில் பதினொரு கோடுகள் ஏணிப்படிகளைப் போலத் தெரியும். மேலே நான்கு, சற்று இடைவெளி விட்டு இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் மூன்று, அடியில் இரண்டு. ஒவ்வொரு கோடும் வைரஸின் மரபுப்பொருளில் ஒரு துண்டு. மனிதர்களிடம் மிகுதியாகக் காணப்படும் ஏ பிரிவு ரோட்டாவைரஸில் இந்த 4-2-3-2 அடுக்கு பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால் இரண்டு குழந்தைகளின் மாதிரிகளை அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தால், ஒன்றில் ஏதோ ஒரு கோடு மற்றதைவிட மயிரிழை மேலே நிற்கும். சிலவற்றில் பதினொன்றாம் கோடு அடியில் இல்லாமல் ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரே வார்டில் படுத்திருக்கும் இரண்டு குழந்தைகளுக்கும் வந்தது ஒரே வைரஸா, வேறு வேறா என்பதை, வைரஸை வளர்க்காமலேயே சொல்ல 1980களில் இருந்த எளிய வழி இது.

வைரஸின் மரபணுவில் பதிந்திருக்கும் இத்தகைய அடையாளங்களைக் கொண்டு, எந்த வகை எங்கே, எப்போது, யாரிடமிருந்து யாருக்குப் பரவுகிறது என்று பின்தொடர்ந்து செல்லும் துறைக்கு மூலக்கூறு நோய்ப்பரவலியல் என்று பெயர். படுக்கையில் கிடக்கும் குழந்தைக்கு இதனால் உடனடிப் பயன் ஒன்றும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எந்த வைரஸானாலும், எந்த வகையானாலும், வைத்தியம் ஒன்றுதான்: ஓ.ஆர்.எஸ். கரைசல், துத்தநாக மாத்திரை, நிறுத்தாமல் தாய்ப்பால், உடலில் நீர் மிகவும் வற்றிவிட்டால் நரம்பு வழியாகத் திரவம். 'பல் முளைக்கிறது, அதனால் வயிற்றால் போகிறது' என்று பாட்டிமார் சொல்லும் ஆறு மாதத்திற்கு மேற்பட்ட பருவமும், ரோட்டாவைரஸ் கடுமையாகத் தாக்கும் பருவமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், பல்லின் தலையில் வைரஸின் பழி விழுந்து வந்திருக்கிறது. வகையைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் வேறு ஆட்கள்: தடுப்பு மருந்து வடிவமைப்பவர்கள், அது வேலை செய்கிறதா என்று பார்ப்பவர்கள், ஒரு விடுதியில் நூறு பேர் ஒரே இரவில் வாந்தியெடுத்தால் எங்கிருந்து வந்தது என்று தேடுபவர்கள். அவர்களுக்கும் இந்த வகை எண்கள் எவ்வளவு சொல்கின்றனவோ அவ்வளவு மறைக்கவும் செய்கின்றன என்பதே இக்கட்டுரை விளக்க முற்படுவது.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்புவரை குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதிக்குக் காரணமே தெரியாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நார்வாக் ஊரில் 1968இல் ஒரு தொடக்கப் பள்ளியில் பரவிய வாந்திபேதியின் மாதிரிகளை 1972இல் ஆல்பர்ட் கபிக்கியன் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துச் சிறு உருண்டை வைரஸ் ஒன்றைக் கண்டார். இன்று நோரோவைரஸ் எனப்படுவது அதுதான். அடுத்த ஆண்டு, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடன் பணியாற்றியவர்களும் பேதியாகும் குழந்தைகளின் முன்சிறுகுடலிலிருந்து எடுத்த திசுத் துணுக்குகளில் வேறொரு வைரஸைக் கண்டார்கள். ஆரங்கள் வைத்த வண்டிச் சக்கரம் போல் இருந்ததால், சக்கரத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதற்கு ரோட்டாவைரஸ் என்ற பெயர் வந்தது. 2000ஆம் ஆண்டில் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 5,28,000 குழந்தைகளின் இறப்புக்கு அது காரணமாக இருந்தது என்றும், 2013இல் அந்த எண்ணிக்கை சுமார் 2,15,000 ஆகக் குறைந்தது என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. பிந்தைய எண்ணிக்கையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தியக் குழந்தைகள்.

ரோட்டாவைரஸுக்கு மூன்று அடுக்கு உறை. வெளி அடுக்கில் விபி7, விபி4 என்ற இரண்டு புரதங்கள் இருக்கின்றன. நம் உடல் முதலில் பார்ப்பது இவற்றைத்தான் என்பதால், வைரஸுக்குப் பெயரிட்டவர்களும் இவற்றையே பிடித்துக்கொண்டார்கள். விபி7இன் வகை ஜி என்ற எழுத்தாலும் விபி4இன் வகை பி என்ற எழுத்தாலும் குறிக்கப்படுகின்றன. ஜி1பி[8], ஜி2பி[4], ஜி3பி[8], ஜி4பி[8], ஜி9பி[8] ஆகியவை உலகெங்கும் மிகுதியாகக் காணப்பட்டவை. பி எண்ணுக்கு மட்டும் ஏன் சதுர அடைப்பு என்று கேட்பவர்கள் உண்டு. விபி7ஐப் பொறுத்தவரை எதிர்ப்புரதத்தை (கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் புரதத்தை) வைத்துப் பிரித்த வகையும் மரபணுவை வைத்துப் பிரித்த வகையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. விபி4இல் அப்படிப் போகவில்லை. எனவே மரபணு வழி வந்த எண்ணை அடைப்புக்குள் போட்டுத் தனியாகக் காட்டினார்கள். இரண்டு அளவுகோல்கள் பொருந்தவில்லை என்ற ஒப்புதல் ஒவ்வொரு பெயரிலும் இப்படிப் பொறிக்கப்பட்டே இருக்கிறது.

1990களின் தொடக்கத்தில், மரபுப்பொருளின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். முறையில் வகை பிரிக்கும் வழி வந்த பின் வேலை எளிதாயிற்று. ஒவ்வொரு வகைக்கும், அதன் மரபு வரிசையில் போய் ஒட்டும்படி செய்த ஒரு முன்தொடர் துணுக்கு இருக்கும். எது ஒட்டிக்கொள்கிறதோ அதன்படி வேறு வேறு நீளமுள்ள துண்டு பெருகும். நீளத்தைப் பார்த்து வகை சொல்லலாம். ஆனால் வைரஸ் மெல்ல மெல்ல மாறிக்கொண்டிருக்கும், துணுக்கோ பழைய வரிசைக்கு ஏற்றபடி செய்யப்பட்டிருக்கும். ஒட்ட வேண்டியது ஒட்டாமல் போகும். சில சமயம் ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டி வேறொரு வகையின் பெயரைத் தந்துவிடும். 'வகை பிரிக்க இயலவில்லை' என்று ஒதுக்கப்பட்ட மாதிரிகளின் மரபெழுத்துகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது பழகிய வகையே சற்று உருமாறி நின்றதும் உண்டு, ஜி12 போன்ற புதிய வரவு வெளிப்பட்டதும் உண்டு. ஓர் ஆண்டறிக்கையில் ஒரு வகை திடீரென மறைந்தால், அது ஊரிலிருந்து மறைந்ததா, ஆய்வகத்தின் குழாயில் மறைந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. பதினொரு மரபுத்துண்டுகளில் ஜியும் பியும் இரண்டைப் பற்றி மட்டுமே பேசுகின்றன. மற்ற ஒன்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒரே செல்லில் இரண்டு ரோட்டாவைரஸ்கள் நுழைந்துவிட்டால், வெளியே வரும் புதிய வைரஸ் இதிலிருந்து சில துண்டுகளையும் அதிலிருந்து சில துண்டுகளையும் எடுத்துக்கொண்டு வரலாம். மறுசேர்க்கை என்பது இதுதான். இதை உணர்ந்து 2008இல் பதினொரு துண்டுகளுக்கும் தனித்தனி வகை எண் கொடுக்கும் முறை வகுக்கப்பட்டது. அப்படிப் பார்த்ததில் மனித ரோட்டாவைரஸ்கள் பெரும்பாலும், மாதிரி வைரஸ்களின் பெயரால் அழைக்கப்படும் இரண்டு பெருங்குடும்பங்களாக நின்றன: ஜி1பி[8], ஜி3பி[8] போன்றவை 'வா' குடும்பம், ஜி2பி[4] 'டிஎஸ்-1' குடும்பம். குடும்பத்துக்குள்ளே துண்டு மாற்றிக்கொள்வது சாதாரணம், குடும்பம் தாண்டிப் பெருமளவில் கலப்பது அபூர்வம் என்றே நம்பப்பட்டது. 2012இல் ஜப்பானில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. வெளியே ஜி1பி[8], உள்ளே முழுக்க முழுக்க டிஎஸ்-1 என்று ஒரு வைரஸ் பரவியது. பி.சி.ஆர். வகைப்பாடு அதை உலகின் மிகப் பழகிய வகை என்றே எழுதியிருக்கும். அதற்கடுத்த ஆண்டுகளில், குதிரையின் வைரஸை ஒத்த ஜி3 மரபணுவையும் டிஎஸ்-1 உட்கூறுகளையும் கொண்ட இன்னொரு ஜி3பி[8] ஆஸ்திரேலியாவிலும் ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் பரவியது. மேற்சட்டையை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் சொல்லும் பழக்கம் எங்கே இடறும் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

இந்தியாவிலிருந்து கிடைத்த சான்று இவற்றைவிடச் சுவையானது. 1980களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பலரின் மலத்தில் ரோட்டாவைரஸ் இருந்தது. ஆனால் அவர்களுக்குப் பேதி இல்லை. மகாராஜ் கிஷன் பான் குழுவினர் பிரித்தெடுத்த அந்த வைரஸ் ஜி9பி[11]. பத்து துண்டுகள் மனித வைரஸுடையவை, விபி4 மட்டும் மாட்டு வைரஸிலிருந்து வந்தது. பெங்களூரில் துர்கா ராவ் குழுவினர் பேதியில்லாத பச்சிளங்குழந்தைகளிடம் கண்ட ஐ321 என்ற வைரஸ் ஜி10பி[11]. இதில் கணக்கு கிட்டத்தட்டத் தலைகீழ்: ஒன்பது துண்டுகள் மாட்டுடையவை, இரண்டு மட்டும் மனிதருடையவை. வேலூரிலும் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் ஜி10பி[11] காணப்பட்டது. ஆனால் அங்கே சில குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிலருக்குப் பேதியும் வேறு குடல் தொல்லைகளும் வந்தன.

ஒரே பி[11], மூன்று ஊர்கள். டெல்லியில் அந்தத் தொற்று கண்ட குழந்தைகள் பின்னாளில் கடும் ரோட்டாவைரஸ் பேதியிலிருந்து பாதுகாப்புப் பெற்றிருந்தார்கள். அந்தக் கவனிப்பிலிருந்துதான் 116இ என்ற அவ்வைரஸ் தடுப்பு மருந்தாக வளர்க்கப்பட்டது. வேலூரில் அதே கேள்வியைக் கேட்டபோது, பிறந்தவுடன் ஜி10பி[11] தொற்று கண்ட குழந்தைகளுக்குப் பின்னாளில் எந்தப் பாதுகாப்பும் தெரியவில்லை. சரி, நோய் வந்த குழந்தையின் வைரஸும் வராத குழந்தையின் வைரஸும் வேறாக இருக்குமோ என்று முழு மரபுத்தொகுதியையும் வரிசைப்படுத்தி ஒப்பிட்டார்கள். பொருட்படுத்தத் தக்க வேறுபாடு ஒன்றும் இல்லை. வைரஸின் பக்கம் தேடி முடித்த பிறகு, தேடல் தாயின் பக்கம் திரும்பியது. இந்த வைரஸின் விபி4 நுனி பற்றிக்கொள்வது குடல் செல்களின் மேலுள்ள ஒரு குறிப்பிட்ட சர்க்கரைத் தொடரை. தாய்ப்பாலிலும் அதையொத்த சர்க்கரைத் தொடர்கள் உண்டு. 2018இல் வெளியான ஆய்வில், நோய் கண்ட குழந்தைகளுடைய தாய்மாரின் பாலில் அவற்றுள் சில கூடுதலாக இருந்ததும், ஆய்வகத்தில் தாய்ப்பால் சர்க்கரைகள் இந்த வைரஸ் தொற்றுவதைக் கூட்டியதும் தெரியவந்தன. பொதுவாகக் கிருமியைத் தடுப்பதாக நாம் எண்ணும் பொருள் ஒன்று, இந்த ஒரு வைரஸுக்கு மட்டும் ஒத்தாசை செய்திருக்கிறது. தாய்ப்பால் கொடுப்பதை இதற்காக யாரும் நிறுத்த வேண்டியதில்லை. அதன் நன்மைகளுக்கு முன் இது சிறு விதிவிலக்கு. ஆனால் வைரஸின் வகை எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த விடை கிடைத்திருக்கவே முடியாது.

வேலூரில் நடந்த இன்னொரு வேலையையும் இங்கே சொல்ல வேண்டும். ககன்தீப் காங் உள்ளிட்ட கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், நகரின் ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். பேதியானபோது மட்டுமல்லாமல், நலமாக இருக்கும்போதும் குறிப்பிட்ட இடைவெளிகளில் மலமாதிரி எடுத்து வந்தார்கள். மூன்றாண்டும் முடித்த குழந்தைகள் 373 பேர். அதற்கு முன் மெக்சிகோவில் நடந்த இத்தகைய ஆய்வு, இரண்டு முறை தொற்று கண்டுவிட்டால் அதன்பின் கடும் பேதி வராது என்று காட்டியிருந்தது. தடுப்பு மருந்தின் மேலிருந்த நம்பிக்கைக்கு அது ஒரு தூண். வேலூரில் ஆறு மாதம் முடிவதற்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிட்டது. மூன்று முறை தொற்று கண்ட பிறகும், மிதமான அல்லது கடுமையான நோயிலிருந்து கிடைத்த பாதுகாப்பு 79 சதவீதம்தான். மிகுதியாகப் பரவிய ஜி1பி[8] ஒரு முறை வந்தால் அடுத்த ஜி1பி[8]க்கு எதிராகத் தனிப் பாதுகாப்பு கிடைக்கும் என்பதற்கும் சான்று இல்லை. வகைக்கு வகை எதிர்ப்பாற்றல் என்ற எளிய கணக்கு இங்கே செல்லவில்லை.

தடுப்பு மருந்துகளின் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. ரோட்டாரிக்ஸ் ஒரே ஒரு மனித ஜி1பி[8] வைரஸால் ஆனது. ரோட்டாடெக்கில் மாட்டு வைரஸின் மேல் மனித மரபணுக்கள் ஏற்றப்பட்ட ஐந்து வைரஸ்கள். வளமான நாடுகளில் இரண்டும் வெவ்வேறு வகைகளுக்கு எதிராக நன்றாகவே வேலை செய்தன. இந்தியாவின் ரோட்டாவேக், மேலே சொன்ன டெல்லிக் குழந்தையின் ஜி9பி[11]. ஊரில் அந்தச் சேர்க்கை பரவுவதே அரிது. இருந்தும் டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், கடும் ரோட்டாவைரஸ் பேதியை 53.6 சதவீதம் தடுத்தது. ஊரில் பரவிய பல வகைகளுக்கு எதிராகவும் அது வேலை செய்தது. ஐம்பத்து மூன்று என்பது குறைவுதான். ஆனால் அந்தக் குறைவுக்கு வகைப் பொருத்தமின்மையைக் காரணம் காட்ட முடியாது. ரோட்டாரிக்ஸும் தென்னாப்பிரிக்காவில் 77 சதவீதமும் மலாவியில் 49 சதவீதமுமே தடுத்தது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புரதங்கள், குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் கிருமிகள், உடன் கொடுக்கப்படும் போலியோ சொட்டு மருந்து, குடல் சுவரின் நிலை எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன; வேலூர் குழந்தைகளிடம் இயற்கைத் தொற்றே குறைந்த பாதுகாப்பைத் தந்தது என்பதை நினைவில் வைத்தால், மருந்தின் மேல் மட்டும் பழிபோட இயலாது.

செல்களின் மேலிருக்கும் சர்க்கரைத் தொடர்கள் ஊருக்கு ஊர் வகைகள் ஏன் வேறுபடுகின்றன என்பதையும் ஓரளவு விளக்குகின்றன. ரத்த வகையோடு தொடர்புடைய இத்தொடர்களை எஃப்.யு.டி.2 போன்ற மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. பி[8], பி[4] வகைகள் பற்றிக்கொள்ளும் தொடர் எல்லோரிடமும் இருப்பதில்லை. பி[6] வகைக்கோ வேறு பிடிமானம் போதும். அந்தப் பிடிமானமுள்ள, லூயிஸ் எதிர்ச்செனி என்ற சர்க்கரை அடையாளம் இல்லாத மக்கள் ஆப்பிரிக்காவில் கூடுதலாக இருப்பதும் அங்கே பி[6] அதிகமாகத் தென்படுவதும் தற்செயல் அல்ல.

தடுப்பு மருந்து வந்தபின் வகைகள் மாறுகின்றனவா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியா தற்செயலாக ஒரு நல்ல சோதனைக்களமாக அமைந்தது. 2007இல் தேசியத் திட்டம் தொடங்கியபோது சில மாநிலங்கள் ரோட்டாரிக்ஸையும் சில மாநிலங்கள் ரோட்டாடெக்கையும் தேர்ந்தெடுத்தன. அடுத்த பத்தாண்டுகளில் ரோட்டாடெக் மாநிலங்களில் ஜி12பி[8] கூடுதலாகவும், ரோட்டாரிக்ஸ் மாநிலங்களில் ஜி2பி[4], குதிரை சார்ந்த ஜி3பி[8] ஆகியவை கூடுதலாகவும் காணப்பட்டன. ஒரே நாடு, ஒரே காலம், மருந்து மட்டும் வேறு என்பதால் மருந்தின் தாக்கத்தை மறுப்பது கடினம். அதே வேளையில் இரு பக்கத்திலும் மருத்துவமனைச் சேர்க்கை பெரிதும் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வகை மாறியது, நோய் குறைந்தது. இரண்டும் ஒருங்கே நடந்தன. இந்தியாவில் ரோட்டாவேக் 2016இல் ஆந்திரம், அரியானா, இமாசலம், ஒடிசா என்று தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. அதே காலகட்டத்தில் ஜி1பி[8]இன் இடத்தை ஜி3பி[8] பிடிக்கத் தொடங்கியது. மருந்து வந்தது, வகை மாறியது என்று முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் ரோட்டாவேக்கில் ஜி1உம் இல்லை, பி[8]உம் இல்லை. மருந்தே இல்லாத காலத்திலும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை முன்னணி வகை மாறி மாறி வந்ததுண்டு. என் கணிப்பில் இந்தியாவைப் பொறுத்தவரை இயற்கையான சுழற்சியே முதல் விளக்கமாக நிற்க வேண்டும்.

நோரோவைரஸின் குணம் வேறு. அதற்குத் துண்டுகள் கிடையாது; சுமார் 7,500 எழுத்துகள் கொண்ட ஒரே இழை. அது ஃப்ளூ காய்ச்சல் வைரஸைப் போலத் தன் வெளித்தோற்றத்தைத் திருத்திக்கொண்டே போகிறது. இரண்டாம் மரபுக்குழுவின் நான்காம் வகையான ஜி2.4 (ரோட்டாவைரஸின் ஜி2வோடு இதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை) 1990களின் நடுவிலிருந்து உலகை ஆண்டு வந்தது: 2002இல் ஃபார்மிங்டன் ஹில்ஸ், 2004இல் ஹன்டர், 2006இல் டென் ஹாக், 2009இல் நியூ ஆர்லியன்ஸ், 2012இல் சிட்னி என்று சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு புதுத் திரிபு பழையதைத் தள்ளிவிட்டது. சிட்னிக்குப் பிறகு உறை அப்படி மாறவில்லை. உள்ளே நகலெடுக்கும் நொதியின் மரபணு மாறியது. உறை மரபணுவும் நொதி மரபணுவும் சந்திக்கும் இடத்தில் இழை அறுந்து வேறொன்றோடு ஒட்டிக்கொள்வது இவ்வைரஸில் வழக்கம் என்பதால், இப்போது உறைக்கு ஒன்று, நொதிக்கு ஒன்று என இரட்டை வகை எழுதுகிறார்கள். 2014-15 குளிர்காலத்தில் சீனாவிலும் ஜப்பானிலும் தலைதூக்கிய ஜி2.17, பத்தாண்டு கழித்து 2024-25இல் அமெரிக்காவில் பெரும்பாலான பரவல்களுக்குக் காரணமாகி, ஜி2.4இன் நெடுநாள் ஆதிக்கத்தை அங்கே முறித்தது.

வகை எண் துப்பறியும் கருவியாக உண்மையில் கைகொடுப்பது நோரோவைரஸில்தான். 2012 செப்டம்பர் கடைசியில் ஜெர்மனியின் கிழக்கு மாநிலங்களில் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் சுமார் 11,000 பேர் வாந்திபேதியில் விழுந்தார்கள். நோயாளிகளின் மாதிரிகளில் ஒரே வகை இருந்திருந்தால், சமையல்காரர் ஒருவரின் கையிலிருந்து பரவியதோ என்று ஐயுற்றிருக்கலாம். இருந்தவை பல வகைகள். ஒரு மனிதரின் குடலில் அத்தனை வகைகள் ஒரே வேளையில் இருப்பதைவிட, பலரின் கழிவு கலந்த நீர் எங்கோ உணவில் பட்டிருப்பதே இயல்பான விளக்கம். தேடல் கடைசியில் சீனாவிலிருந்து உறைநிலையில் வந்து, சரியாகச் சூடாக்கப்படாமல் பரிமாறப்பட்ட ஸ்ட்ராபெரியில் போய் நின்றது.

குடலைத் தாக்கும் அடினோவைரஸ் 40, 41, ஆஸ்ட்ரோவைரஸ், சப்போவைரஸ் ஆகியவற்றுக்கு இத்தனை விரிவான வகை வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. அவற்றைத் தேடியவர்களே குறைவு. வேலூர், டாக்கா, நேபாளத்தின் பக்தபூர் உள்ளிட்ட எட்டு இடங்களில் பிறந்த குழந்தைகளை இரண்டு வயதுவரை தொடர்ந்த மால்-எட் ஆய்வில், மலமாதிரிகள் முதலில் வழக்கமான முறைகளில் சோதிக்கப்பட்டன. பிறகு உறைபெட்டியில் வைத்திருந்த அதே மாதிரிகளை எடுத்து, கிருமி இருக்கிறதா என்பதோடு எவ்வளவு இருக்கிறது என்பதையும் அளக்கும் பி.சி.ஆர். முறையில் மறுபடி பார்த்தார்கள். நலமாக இருக்கும் குழந்தையின் மலத்திலும் வைரஸ் இருக்கும் என்பதால், அளவைக் கொண்டு மட்டுமே பேதிக்கு அதுதான் காரணமா என்று சொல்ல முடியும். 2018இல் வெளியான அந்தக் கணக்கில் ஷிகெல்லா பாக்டீரியாவுக்கு அடுத்த இடத்தில், ரோட்டாவைரஸுக்கும் முன்னால், சப்போவைரஸ் வந்து நின்றது. முதல் சுற்றில் அதைத் தேடும் சோதனையே இருக்கவில்லை.